சுத்தியல் இறங்குமுன் ஒரு கடிதம்

கேள்வி: ஐயா, வீடுகளில் பழுதுபார்க்கும் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன் நான். என்னிடம் நாலைந்து ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். இரண்டு வருடம் எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு வீட்டில் மாடிக் குளியலறையின் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். சுவருக்குள் இருந்த பழைய பைப்பையும் மாற்றிவிடலாம் என்று அப்போதே சொன்னேன். செலவு கூடும், வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சும் வாட்ஸ்அப்பும்தான். கடைசித் தவணைப் பணத்தையும் அவர் தரவில்லை. இப்போது கீழ் அறையின் கூரையில் தண்ணீர் கசிகிறதாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். கோபத்தில் நான் பதில் போடவில்லை. போன வாரம் கோர்ட் சம்மனே வந்துவிட்டது. குளியலறை முழுவதையும் இடித்துக் கட்டும் செலவு, கீழ் அறைக்குப் பெயின்ட், மன உளைச்சல் என்று பெரிய தொகை கேட்கிறார். கசிவு என்று அவர் முதலில் போன் செய்த அன்று, "தப்பு நடந்துபோச்சுண்ணே, பாத்துக்கலாம்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தேன். அதுவே எனக்கு எமனாகிவிடுமா? வண்டியையும் வங்கிப் பணத்தையும் மனைவி பெயருக்கு மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். நேரில் போய்ப் பேசலாமா? இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு அவமானம் வந்ததில்லை.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கியிருக்கிறேன். அதில் இரண்டரைப் பக்கம், வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், இதற்கு முன் யார் யாரோடு மல்லுக்கு நின்றார் என்பதற்கே போய்விட்டது. உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நான் தேடிய ஒரு வரி எங்கேயும் இல்லை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தரையில் வாட்டர் ப்ரூஃபிங், அதாவது தண்ணீர் கீழே இறங்காமல் தடுக்கும் பூச்சு, அடித்தீர்களா? அடித்திருந்தால் எத்தனை கோட், சுவரில் எவ்வளவு உயரம் ஏற்றினீர்கள்? இந்த வழக்கு எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கப்போகிற இடம் அதுதான். அதற்கு வருவோம். முதலில் சம்மன்.

சம்மனில் பொதுவாக இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, நீங்கள் ஆஜராக வேண்டிய நாள். இன்னொன்று, எழுத்துப்பூர்வமாகப் பதில் தாக்கல் செய்ய வேண்டிய கெடு. இரண்டும் ஒரே நாள் என்று நினைத்துக்கொண்டு கெடுவைக் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர். கெடு பெரும்பாலும் சம்மன் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். அதனால் அது வந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள். கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். கூடவே வந்த மனுவின் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். "இணைப்பு" என்று பட்டியலில் சொல்லிவிட்டு, கட்டில் அந்தத் தாளே இல்லாமல் இருப்பது சகஜம். இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் போகவில்லையென்றால் நீதிபதி உங்களைத் தேடி ஆள் அனுப்பப் போவதில்லை. எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதிவிடுவார். அதை ரத்து செய்யச் சொல்லிப் பிறகு மனுப் போடலாம்தான். ஆனால் ஏன் வரவில்லை என்பதற்கு உருப்படியான காரணம் காட்ட வேண்டும். கோபம் காரணமாகாது. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் போடாததை மட்டும் வைத்து நீங்கள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக யாரும் தீர்ப்புச் சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதை நாலு இடத்தில் அழுத்திச் சொல்வார். போனது போகட்டும்.

வழக்கே காலம் கடந்ததா என்று உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போடும் கால வரம்பு நாட்டுக்கு நாடு வேறு: இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் 6 ஆண்டு. நுகர்வோர் மன்றம் என்றால் கணக்கே தனி. உங்கள் வேலை முடிந்து இரண்டு வருடம் எட்டு மாதம்தான் ஆகிறது என்பதால் இதில் பெரிய ஆறுதல் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் வேலையால் பிறருக்கு வரும் நஷ்டத்துக்கு ஈடு கொடுக்கும் பொறுப்புக் காப்பீடு ஏதாவது எடுத்திருந்தால் இன்றே அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாமதமாகச் சொன்னார் என்பதைக் காரணம் காட்டியே அவர்கள் கைவிரிக்க வாய்ப்பு இருக்கிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

நீங்கள் நல்ல வேலைக்காரரா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கப் போவதில்லை. இருபது வருடத் தொழில், நூறு வீடு, ஒரு புகார் கிடையாது என்பதெல்லாம் மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். நீதிமன்றம் இரண்டு கேள்விதான் கேட்கும். ஒரு சாதாரணத் திறமையுள்ள தொழிலாளி காட்ட வேண்டிய கவனத்தோடு அந்த வேலையைச் செய்தீர்களா? செய்யவில்லை என்றால், அந்தக் குறையால்தான் இந்தக் கசிவு வந்ததா? இரண்டையும் நிரூபிக்க வேண்டிய பாரம் வழக்குப் போட்டவருடையது. "இவர் டைல்ஸ் போட்டார், பிறகு தண்ணீர் கசிந்தது" என்பது மட்டும் போதாது. ஆனால் எதிர்த்து நீங்கள் ஒன்றும் காட்டவில்லை என்றால் அதுவே போதுமானதாகிவிடும். நடைமுறையில் இப்படித்தான் பல வழக்குகள் தோற்கின்றன.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் வக்கீலுக்கும் நீதிபதிக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பழகுங்கள். குளியலறையை யாரும் பயன்படுத்தாத போதும் இரவு பகலாக ஒரே அளவில் சொட்டினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் வரும் பைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் சுற்றினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் தரையோ கழிவுநீர்ப் பைப்போ. மழைக்கு மட்டும் வந்தால் வெளிச்சுவர். தரைதானா என்று உறுதிசெய்ய வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணி நேரம் விட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா? அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சாயமும் கலந்து, தேதியோடு படம் எடுத்தால் அதுதான் சாட்சியம். கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்க வேண்டும் என்றில்லை. தண்ணீர் தளத்துக்குள்ளேயே ஊர்ந்து போய் எங்கோ ஒரு மூலையில் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நீதிமன்றத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

நான் நடத்திய ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. ஏறக்குறைய உங்களுடையது போலத்தான். கீழ் அறைக் கூரையில் தட்டு அளவுக்கு ஓதம், காரை ஊதி நின்றது. டைல்ஸ் போட்டவர்தான் காரணம் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். தரையில் நீலச் சாயத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் பார்த்தோம். கீழே ஒரு சொட்டு நீலம் இல்லை. ஆனால் ஓதம் மட்டும் பழையபடி ஈரமாகவே இருந்தது. கடைசியில் துண்டு மாட்டும் கம்பியைக் கழற்றினால், அதன் ஸ்க்ரூ ஒன்று சுவருக்குள் போன பைப்பில் இறங்கியிருந்தது. இறங்கின அன்றே பீய்ச்சி அடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். ஓட்டையை அந்த ஸ்க்ரூவே அடைத்துக்கொண்டிருந்தது. அது துருப்பிடிக்கப் பிடிக்கத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்தது. அப்போதும், "அந்தக் கம்பியை மாட்டினதும் உன் ஆள்தான்" என்றார் வீட்டுக்காரர். எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு படம். வேலை முடிந்த அன்று சுத்தம் செய்த குளியலறையை அந்த வீட்டம்மாவே ஆசையாக எடுத்து, "சூப்பர்" என்று போட்டு டைல்ஸ் போட்டவருக்கு அனுப்பியிருந்தார். சுவர் வெறுமையாக இருந்தது. கம்பி இல்லை.

இந்தக் கதையை உங்களை உற்சாகப்படுத்தச் சொல்லவில்லை. சாயம் கீழே இறங்கிய வழக்குகளும் என்னிடம் உண்டு.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது, அந்த இடத்தைப் பார்க்க அனுமதி கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் போடுவதுதான். அவர் இன்னும் இடிக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. இடித்துவிட்டால் உண்மை டைல்ஸ் துண்டுகளோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். உங்கள் வக்கீல் மூலமாக, பணிவாக, நாள் குறித்துக் கேளுங்கள்: இரு தரப்புக்கும் பொதுவான ஒரு பொறியாளரை வைத்துச் சோதிக்கச் சம்மதம், அதற்கு முன் எதையும் இடிக்க வேண்டாம், அவசரமாக இடித்தே தீர வேண்டும் என்றால் நாங்கள் வந்து பார்க்கும்வரை பொறுத்து, பெயர்த்த டைல்ஸையும் பைப் துண்டுகளையும் எடுத்து வையுங்கள் என்று. மறுத்தால், நீதிமன்றமே ஒரு நிபுணரையோ ஆணையரையோ அனுப்பிப் பார்க்கும் வழி பல இடங்களில் இருக்கிறது. சரிசெய்து தர வாய்ப்பே கொடுக்காமல், பார்க்கவும் விடாமல் இடித்தார் என்ற நிலை வந்தால் அது அவருடைய வழக்கைத்தான் பலவீனப்படுத்தும். கசிவு தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் அதே குளியலறையைப் புழங்கி, கீழ் அறையை நாசமாக விட்டிருந்தாலும் அப்படித்தான். நஷ்டத்தைக் கூடாமல் பார்த்துக்கொள்ள அவருக்கும் பொறுப்பு உண்டு.

அடுத்தது வாட்ஸ்அப். அந்த உரையாடலில் ஒரு எழுத்தைக்கூட அழிக்காதீர்கள், உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்துத்தான். தானாக மறையும் மெசேஜ் வசதி போட்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, பழைய போனை விற்கவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், எடுத்த நாள், நேரம் போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடும். எடுத்த போனின் கேலரியில் கிடக்கும் மூலப் படத்தில்தான் அவை இருக்கும். உங்கள் ஆட்களிடமும் கேளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்த ஏதாவதொரு செல்ஃபிக்குப் பின்னால் அந்தத் தரை தெரியலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பைப்பை மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்னது எழுத்தில் இருக்கிறதா? இருந்தால் நல்லது. ஆனால் அதை நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய கேடயமாக நினைத்துவிடாதீர்கள். கசிவு பைப்பிலிருந்து என்றால்தான் அது உதவும். தரையிலிருந்து என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பைப்பிலிருந்து என்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்பார்: "பைப் பழுதாகும் என்று தெரிந்தும் அதன் மேல் ஏன் டைல்ஸ் ஒட்டினீர்கள்?" மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொன்னீர்களா, இல்லை "மாத்திடலாமா சார்?" என்று போகிற போக்கில் கேட்டீர்களா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

வாய்ஸ் மெசேஜ் விஷயத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அது உங்களுக்கு எதிரான சாட்சியம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இடத்தைப் பார்க்காமல், காரணம் தெரியாமல், ஒரு வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை அது என்று விளக்க முடியும். விளக்க முடியாமல் போவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான்: அப்படி ஒன்று அனுப்பவே இல்லை என்று நீங்கள் கோர்ட்டில் சொல்லி, அவர் போனை எடுத்து ஒலிக்கவிட்டால். உங்கள் வக்கீலிடம் முதல் நாளே போட்டுக் காட்டிவிடுங்கள்.

மனைவி பெயருக்கு மாற்றும் யோசனையைச் சொன்ன நண்பர்களிடம் இனி சட்ட ஆலோசனை கேட்காதீர்கள். வழக்கு வந்த பிறகு, வழக்குப் போட்டவருக்குக் கிடைக்கக்கூடாது என்று செய்யும் சொத்து மாற்றத்தை நீதிமன்றம் செல்லாது என்று ஆக்கலாம். உங்கள் மனைவியையும் கூண்டில் ஏற்ற நேரும். அதைவிட முக்கியம், தப்பு செய்தவன்தான் இப்படிப் பதுக்குவான் என்ற எண்ணம் நீதிபதிக்கு வந்துவிட்டால் அதைப் பிறகு எடுக்க முடியாது.

இப்போது தொகை. குளியலறை முழுவதையும் இடித்துக் கட்டும் செலவைக் கேட்டால் அப்படியே கிடைத்துவிடாது. இங்கிலாந்தில் ஒரு நீச்சல் குளம் வழக்கு உண்டு, 1995-இல் அந்நாட்டின் உச்ச மன்றம் வரை போனது. ஏழரை அடி ஆழம் வேண்டும் என்று ஒப்பந்தம். கட்டியது அதிகபட்சம் 6 அடி 9 அங்குலம், குதிக்கும் இடத்தில் 6 அடிதான். ஒப்பந்தத்தை மீறியது சந்தேகமில்லை. ஆனால் குளம் புழங்கத் தகுந்ததாகத்தான் இருந்தது. இடித்துக் கட்ட 21,560 பவுண்டு ஆகும். அது கிடைக்கும் பயனுக்குப் பொருத்தமே இல்லாத செலவு என்று சொல்லி, 2,500 பவுண்டு மட்டும் கொடுத்தார்கள். உங்கள் விஷயம் அதே மாதிரி இல்லை. கசிகிற தரையைப் புழங்கத் தகுந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வடிகாலைச் சுற்றி இரண்டு அடி பெயர்த்தால் சரியாகும் என்று பொறியாளர் சொன்னால், முழு அறையின் செலவைக் கேட்பதற்கு எதிராக இதே தர்க்கம் நிற்கும். பழைய பைப்பை எடுத்துவிட்டுப் புது பைப்பும், சாதாரண டைல்ஸுக்குப் பதில் உயர்ரக டைல்ஸும் உங்கள் கணக்கில் போடுகிறாரா என்றும் அவர் கொடுத்த மதிப்பீட்டை வரிக்கு வரி பாருங்கள்.

உங்களுக்கு வர வேண்டிய கடைசித் தவணையை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அதை இதே வழக்கில் அவரிடம் நீங்கள் திருப்பிக் கேட்கும் எதிர்க்கோரிக்கையாக வைக்கலாம், அல்லது கழித்துக்கொள்ளச் சொல்லலாம். இதிலும் இரண்டு பழைய இங்கிலாந்து வழக்குகள் அழகாக எல்லை காட்டுகின்றன. 1952-இல், 750 பவுண்டுக்கு ஒரு வீட்டை அலங்கரித்து அறைகலன் செய்து கொடுத்தவரின் வேலையில் சுமார் 55 பவுண்டு அளவுக்குக் குறை. அந்தக் குறையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்றது நீதிமன்றம். 1972-இல், 560 பவுண்டுக்கு வீட்டுக்கு வெப்பமூட்டும் அமைப்புப் பொருத்தியவர். சரிசெய்ய 174 பவுண்டு வேண்டும், வீடு சரியாகச் சூடாகவில்லை, புகையும் வந்தது. அவருக்கு ஒரு காசு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை பெரும்பாலும் முடிந்து சில்லறைக் குறை இருப்பது வேறு, வேலையின் நோக்கமே நிறைவேறாமல் போவது வேறு. குளியலறைத் தரையில் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கினால் அது எந்தப் பக்கம் சேரும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

நேரில் போய்ப் பேசலாமா என்றால், தனியாகப் போக வேண்டாம். இரண்டு பேரும் கொதித்துப் போயிருக்கிறீர்கள். வாசலில் நடக்கும் பேச்சு போனில் பதிவாகி அடுத்த வாரம் ஆவணமாக வந்து நிற்கும். ஆனால் சமரசம் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், இந்த அளவு வழக்கில் மூன்று வருடம் வாய்தாவுக்கு அலைவதைவிட நான்கு நாள் வேலை செய்து சரிபண்ணிக் கொடுப்பது மலிவு. பேசுவது வக்கீல் வழியாக, "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற தலைப்போடு, எழுத்தில் நடக்கட்டும். அப்படிச் சமரசத்துக்காகச் சொல்லும் தொகையை, தப்பை ஒப்புக்கொண்டதாகப் பிறகு பொதுவாக எடுத்துக் காட்ட முடியாது. முடிவானால், இந்த வேலை தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருவரும் கையெழுத்துப் போட்டு, வழக்கை வாபஸ் வாங்கிய பிறகு பணம் கைமாறட்டும்.

இனி அந்த விடுபட்ட வரி. வாட்டர் ப்ரூஃபிங் அடித்திருந்தால் அந்த டப்பாவோ வாளியோ எங்கே வாங்கினீர்களோ அந்தக் கடையின் பில் இருக்க வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் கடைக்காரரிடம் இருக்கலாம். வாங்கிய அளவு அந்தத் தரைக்கும் சுவரின் அடிப்பகுதிக்கும் இரண்டு கோட் வருமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிக்கவில்லை என்றாலோ, ஒரு கோட்டோடு அவசரமாக டைல்ஸ் ஒட்டிவிட்டீர்கள் என்றாலோ, அதையும் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். வழக்கை நடத்துவதா, சமரசம் பேசுவதா என்று அவர் முடிவு செய்வது அதை வைத்துத்தான். அன்று தரையில் வேலை பார்த்த கொத்தனார் இப்போது உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். தேடிப் பிடியுங்கள். அவரிடம், "ரெண்டு கோட் அடிச்சோம்ல?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார். அன்றைக்கு என்ன செய்தோம் என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கிறவரை நீங்கள் வாய் திறக்காமல் இருங்கள்.